கோப்பை ஒரு பக்கம், கண்ணீர் ஒரு பக்கம்! ரமணாசிரமம் பகுதியில் ஒரு கால்பந்து ராத்திரி

தோற்ற கட்சிக்காரன் ராத்திரி எப்படி வீடு போய்ச் சேருகிறான்?

கால்பந்து இறுதி ஆட்டம் முடிந்ததும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஜெயித்தவனைப் பற்றிக் கவலையே இல்லை. அவனை ஊரே தூக்கிக்கொண்டு போய்விடும்.

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதி வாசகர்களுக்குத் தெரிந்த இடம்தான். செங்கம் ரோட்டில் சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமத்தைத் தாண்டினால் ரமணாசிரமம். சுற்றிலும் டீக்கடை, பழக்கடை, புத்தகக்கடை, ஆட்டோக்கள். கார்த்திகை தொடங்கி மாசி வரை வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் அதிகம். பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி, தென் அமெரிக்கா என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் "அண்ணா, ஒரு டீ" என்று தமிழில் கேட்டால் இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இப்படிப்பட்ட இடத்தில், உலக கோப்பை இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதினால் எப்படி இருக்கும்?

அப்படி ஒரு ராத்திரி வந்தது. 2022-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி 3.

டிசம்பர் 6-ந் தேதி ஏற்றிய மகா தீபம் பதினோரு நாள் எரிந்து முடிந்து, மலை உச்சி மறுபடி இருட்டாகி இருந்த நேரம். கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருஷமும் தீபத்துக்கு வர பக்தர்களுக்குக் கட்டுப்பாடு. வெளிநாட்டு விமானங்கள் வழக்கம்போல ஓட ஆரம்பித்ததே 2022 மார்ச் 27-ந் தேதிதான். ஆகவே இந்தப் பகுதிக் கடைக்காரர்களுக்கு நெடுநாள் கழித்து வந்த முழு சீசன் அது. கல்லாவில் காசு விழுகிற சந்தோஷம் ஒரு பக்கம். மெஸ்சி இறுதி ஆட்டம் ஆடுகிற சந்தோஷம் மறுபக்கம்.

பத்து டீ பந்தயம்

சாயங்காலமே டீக்கடை பெஞ்சில் சூடு பிடித்துவிட்டது.

"அண்ணே, இன்னிக்கு மெஸ்சிக்குத்தான் கப்பு. எழுதி வச்சுக்கங்க!"

"போப்பா. எம்பாப்பே ஓடுற ஓட்டத்துக்கு உங்க ஆளு மூச்சு வாங்குவாரு. வயசு முப்பத்தஞ்சு ஆவுது."

"வயசா? நம்ம ஊர்ல எழுபது வயசுப் பாட்டி பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோட கிரிவலம் வர்றாங்க. வயசைப் பத்திப் பேசாதீங்க!"

பெஞ்சே சிரித்தது. உடனே பந்தயம். தோற்கிற கட்சி பத்து டீ வாங்கித் தர வேண்டும். பணம் கட்டக் கூடாது என்று டீ மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். டீ என்றால் அவருக்கு வியாபாரம் அல்லவா!

உள்ளூரில் அர்ஜென்டினா கட்சிக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி. இதற்கு வேர் 1986-ல் இருக்கிறது. அந்த ஆண்டு மெக்சிகோவில் நடந்த உலக கோப்பையை தூர்தர்ஷனில் பார்த்த தலைமுறை மரடோனாவிடம் மனதைப் பறிகொடுத்தது. அப்பா மரடோனா கட்சி என்றால் பையன் மெஸ்சி கட்சி. சினிமா ரசிகர் மன்றம் மாதிரி இதுவும் பரம்பரைச் சொத்து. உலக வரைபடத்தில் அர்ஜென்டினாவைத் தொட்டுக் காட்டச் சொன்னால் பாதிப் பேர் முழிப்பார்கள். அது வேறு விஷயம்!

பிரான்சு கட்சிக்கும் ஆள் இல்லாமல் இல்லை. இங்கிருந்து கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டர் போனால் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பிரான்சு நாட்டு அதிபர் தேர்தலில் புதுச்சேரியில் இருந்தபடியே ஓட்டுப் போடுகிறவர்கள் அவர்கள். அந்தப் பக்கம் கொள்வினை கொடுப்பினை உள்ள வீட்டார் "பிரான்சு ஜெயிச்சா நம்ம சம்பந்தி ஜெயிச்ச மாதிரி" என்று பேசினால் அதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அதோடு, 2018-ம் ஆண்டு கோப்பையை வாங்கிய அணியும் பிரான்சுதான்.

அர்ஜென்டினா கட்சிக்கு அன்றைக்கு நெஞ்சு படபடத்ததற்குக் காரணம் உண்டு. 36 வருஷமாக அந்த நாட்டுக்குக் கோப்பை இல்லை. 2014-ல் மெஸ்சி இறுதி ஆட்டம் வரை வந்து ஜெர்மனியிடம் ஒரே ஒரு கோலில் தோற்றார். 2016-ல் அமெரிக்கக் கண்டப் போட்டி இறுதி ஆட்டத்தில் பெனால்டியை வெளியே அடித்துவிட்டு, இனி நாட்டுக்கு ஆடமாட்டேன் என்றே சொல்லிவிட்டார். பிறகு மனசு மாறித் திரும்பி வந்தார்.

2022-லும் முதல் ஆட்டமே கோணல். நவம்பர் 22-ந் தேதி சவுதி அரேபியாவிடம் 2-1 என்று தோல்வி! சவுதி மன்னர் மறுநாள் நாட்டுக்கே விடுமுறை விட்டார். அன்று மெஸ்சி ரசிகர்கள் பட்ட கேலி கொஞ்சநஞ்சம் அல்ல. அதையெல்லாம் தாண்டி இறுதிக்கு வந்தாயிற்று. இதில் தோற்றால் அப்புறம் டீக்கடைப் பக்கம் தலை காட்ட முடியுமா?

பக்கத்து மாநிலமான கேரளத்தில் இந்தப் பைத்தியம் இன்னும் முற்றல். கோழிக்கோடு அருகே புல்லாவூரில் ஆற்றின் நடுவே உள்ள திட்டில் மெஸ்சிக்கு 30 அடி கட்-அவுட் வைத்தார்கள். உடனே பிரேசில் கட்சி நெய்மாருக்கு 40 அடி வைத்தது. ரொனால்டோ ரசிகர்கள் அதற்கும் மேலே போனார்கள். ஆற்று ஓட்டம் தடைபடுகிறது என்று பஞ்சாயத்து வரை புகார் போய், உலகக் கால்பந்து சம்மேளனமே அந்தப் படத்தை எடுத்து வெளியிட்டது. நம்மூர் சினிமா கட்-அவுட்டெல்லாம் தோற்றது போங்கள்!

ராத்திரி எட்டரை மணி

கத்தார் நாட்டு லுசைல் மைதானத்தில் 88,966 பேர். இந்திய நேரம் இரவு 8.30-க்கு ஆட்டம் தொடங்கியது. இங்கே டீக்கடை ஓரத்தில் ஒரு செல்போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்து அதைச் சுற்றி இருபது தலை. அந்த வருஷம் செல்போனில் இலவசமாகப் பார்க்க வழி இருந்ததால் டி.வி. இல்லாத குறை தெரியவில்லை. படம் நடுநடுவே சுற்றிக்கொண்டு நின்றால் மட்டும் இருபது பேருக்கும் ரத்தக் கொதிப்பு!

23-வது நிமிடம் மெஸ்சி பெனால்டியில் முதல் கோல். 36-வது நிமிடம் டி மரியா இரண்டாவது கோல். அடித்துவிட்டு அவரே அழுதார். பிரான்சு பயிற்சியாளர் டெஷாம்ப்ஸ் இடைவேளை வரைக்கும் கூடப் பொறுக்காமல் 41-வது நிமிடத்திலேயே இரண்டு பேரை வெளியே கூப்பிட்டார்.

ஆட்டம் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். பிரான்சு கட்சி ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து, "காலையில வேலைக்குப் போவணும்" என்று கிளம்பத் தயாரானார்கள்.

அங்கேதான் விதி விளையாடியது.

80-வது நிமிடம் பிரான்சுக்குப் பெனால்டி. எம்பாப்பே அடித்தார். கோல். சரி, போகட்டும் என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி எம்பாப்பே. காலைத் தூக்கி அந்தரத்திலேயே ஓர் அடி. 2-2! இரண்டு கோலுக்கும் நடுவே 97 விநாடி. ஒரு டீ ஆற்றுகிற நேரம்கூட இல்லை. கிளம்பின ஆட்கள் செருப்போடு ஓடிவந்து உட்கார்ந்தார்கள். அர்ஜென்டினா பெஞ்சில் பேச்சு மூச்சு இல்லை.

கூடுதல் நேரத்தில் 108-வது நிமிடம் மெஸ்சி ஒரு கோல். 118-வது நிமிடம் அர்ஜென்டினாவின் மோன்டியேல் கையில் பந்து பட்டு, மறுபடி பெனால்டி. மறுபடி எம்பாப்பே. 3-3. ஆண்கள் உலக கோப்பை இறுதி ஆட்டத்தில் ஒரே ஆள் மூன்று கோல் அடிப்பது 1966-ல் இங்கிலாந்தின் ஜெப் ஹர்ஸ்டுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

கடைசிக் கடைசியாக பிரான்சின் கோலோ முவானி தனி ஆளாகப் பந்தோடு உள்ளே நுழைந்தார். எதிரே கோல்கீப்பர் மார்டினஸ் மட்டும். அடித்தார். மார்டினஸ் இடது காலை நீட்டினார். பந்து காலில் பட்டுத் தெறித்தது. அந்தக் கால் ஒரு சாண் தள்ளி இருந்தால் கோப்பை பாரீசுக்குப் போயிருக்கும். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

பிறகு பெனால்டி போட்டி. பிரான்சின் கோமான் அடித்ததை மார்டினஸ் தடுத்தார். சுவாமேனி வெளியே அடித்தார். அர்ஜென்டினா நாலு பேரும் நாலு கோல். கடைசி உதை யாருடையது தெரியுமா? கையில் பந்து பட்டு நாட்டையே கவிழ்க்கப் பார்த்த அதே மோன்டியேல்! 4-2. மணி இரவு பதினொன்றரை நெருங்கிவிட்டது.

"சத்தம் போடாதீங்கப்பா!"

விசில் பறந்தது. ஒரு பையன் சட்டையைக் கழற்றிச் சுற்றினான். இன்னொருவன் பையில் இருந்து சரவெடியை எடுத்தான். பெரியவர் ஒருவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆசிரமம் இருக்குதுப்பா. உள்ளே தூங்கறாங்க. வெடியெல்லாம் வேணாம்." பையன் ஒரு விநாடி முறைத்தான். பிறகு வெடியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

பிரான்சு நாட்டு நீலச் சட்டை போட்ட வெளிநாட்டு இளைஞர் ஒருவர் அப்படியே குத்துக்காலிட்டுத் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆட்டோ டிரைவர் ஒருவர், அர்ஜென்டினா கட்சி, சாயங்காலம் முழுக்க சவடால் அடித்தவர், எழுந்து போய் அவர் கையில் ஒரு டீ கிளாசைக் கொடுத்தார். பேசிக்கொள்ள பாஷை இல்லை. இருவரும் டீயைக் குடித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்த இளைஞர் எழுந்து, கிரிவலப் பாதையில் யமலிங்கம் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். பதினாலு கிலோமீட்டரும் சுற்றினாரா, பாதியில் திரும்பினாரா, யாரும் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆசிரமத்துக்குப் பெயர் தந்த ரமண மகரிஷியே கால்பந்து ஆடியவர்! மதுரையில் வேங்கடராமன் என்ற பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது அவருக்குப் பாடப் புத்தகத்தைவிட பந்தும் மல்யுத்தமும்தான் பிடிக்கும். அவர் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் அந்தக் கட்சி ஜெயிக்கும் என்பதால் கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் "தங்கக்கை". அந்தத் தங்கக்கை 1896-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி மதுரையை விட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தது. அப்போது வயது 16. பிறகு இந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. எந்த ஆட்டத்திலும் தோற்காத பையன் எதையும் ஜெயிக்க வேண்டாம் என்று வந்து உட்கார்ந்த மண் இது.

மற்ற ஊர்களில் நடந்தது என்ன?

நம் தெருவில் டீயோடு முடிந்தது. எல்லா ஊரிலும் அப்படி முடியவில்லை.

அதே ராத்திரி கேரளத்தில் கண்ணூரில் ரசிகர்களுக்குள் தகராறு முற்றி, கத்திக்குத்து வரை போனது. கொல்லத்தில் வெற்றிக் கொண்டாட்டத்தின்போது 17 வயதுப் பையன் ஒருவன் சுருண்டு விழுந்து இறந்துபோனான். அவன் வீட்டில் அந்தக் கோப்பை ராத்திரியை எப்படி நினைத்துக்கொள்வார்கள்?

பிரான்சில் பெனால்டி தவறவிட்ட கோமானையும் சுவாமேனியையும் அவர்கள் கறுப்பர்கள் என்பதற்காகவே சமூக வலைத்தளங்களில் கேவலமாகத் திட்டினார்கள். மூன்று கோல் அடித்தும் தோற்ற எம்பாப்பே மைதானத்தில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். அதிபர் மக்ரோன் நேரில் இறங்கிவந்து தேற்றியும் முகம் தெளியவில்லை. இரண்டு நாளில் அவருக்கு 24-வது பிறந்த நாள்! ஆனாலும் மறுநாள் அணி பாரீஸ் திரும்பியபோது கான்கார்டு சதுக்கத்தில் குளிரில் பெருங்கூட்டம் காத்திருந்து வாழ்த்தியது. தோற்ற அணிக்கு இப்படி ஒரு வரவேற்பு! அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அர்ஜென்டினாவில் டிசம்பர் 20-ந் தேதி பொது விடுமுறை. தலைநகர் பியூனஸ் அயர்சில் லட்சக்கணக்கில் ஜனம் ரோட்டில் இறங்கியது. திறந்த பஸ்சில் வந்த வீரர்கள் நகரவே முடியவில்லை. பாலத்தின் மேலே இருந்து பஸ்சுக்குள் ஆட்கள் குதிக்க ஆரம்பித்ததும், வீரர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிவிட்டார்கள். கோப்பையைப் பார்க்க வந்த கூட்டம் கடைசியில் வானத்தைப் பார்த்தது.

நம் நாட்டிலும் கால்பந்துக்கு உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. கல்கத்தாவில் கால்பந்து விளையாட்டு அல்ல, குலதெய்வம். 1911-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி மோகன் பகான் அணி, வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை 2-1 என்று வீழ்த்தி ஐ.எப்.ஏ. கேடயத்தை வாங்கியது. அவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடியவர்கள். அந்த வெற்றியைச் சுதந்திரப் போராட்டத்தில் ஒரு வெற்றியாகவே வங்காளிகள் கொண்டாடினார்கள்.

அதே கேடயத்தின் 1975-ம் ஆண்டு இறுதி ஆட்டம். செப்டம்பர் 30-ந் தேதி. கிழக்கு வங்காள அணி மோகன் பகானை 5-0 என்று நொறுக்கியது. மோகன் பகான் ரசிகர் ஒருவரால் அதைத் தாங்க முடியவில்லை. அடுத்த பிறவியில் மோகன் பகான் வீரனாகப் பிறந்து பழி தீர்ப்பேன் என்று எழுதி வைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். ஆடியவர்களுக்கு அடுத்த வருஷம் அடுத்த ஆட்டம் இருந்தது. அவருக்கு இல்லை.

ஐந்து வருஷம் கழித்து, 1980 ஆகஸ்டு 16-ந் தேதி, இதே இரண்டு அணிகள் ஈடன் கார்டன் மைதானத்தில் மோதின. இது இறுதி ஆட்டம்கூட இல்லை, லீக் ஆட்டம்தான். மைதானத்தில் ஒரு தகராறு, அது ரசிகர்கள் பக்கம் தொற்றி, கலவரமும் நெரிசலும். 16 பேர் பிணமானார்கள். பந்து பார்க்கப் போன பிள்ளை திரும்பி வரவில்லை. ஜெயித்த கட்சியா, தோற்ற கட்சியா என்று எந்தத் தாய் கேட்பாள்?

சென்னைக்கும் ஒரு மார்கழி

"எல்லாம் சரி சார், நம்ம தமிழ்நாட்டுக்கு இப்படி ஒரு ராத்திரி உண்டா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். உண்டு.

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சமயம் இந்திய சூப்பர் லீக் போட்டியில் சென்னையின் எப்.சி. அணி அரை இறுதிக்கு வந்திருந்தது. வெள்ளத்தால் சொந்த ஊரில் ஆட முடியவில்லை. ஆட்டம் புனேக்கு மாற்றப்பட்டது. வீட்டுக்குள் சேறு வாரிக்கொண்டிருந்த ரசிகன் தன் அணி வேறு ஊரில் ஆடுவதைத்தான் கேள்விப்பட்டான். புனேயில் கல்கத்தா அணியை 3-0 என்று வென்று, இறுதி ஆட்டத்துக்குப் போனது சென்னை.

டிசம்பர் 20-ந் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். எதிரி கோவா அணி. மைதானமே அவர்கள் பக்கம். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. கொண்டாட்டம் ஆரம்பமாகிவிட்டது. ஆனால் 90-வது நிமிடத்தில் கோவாவின் கோல்கீப்பர் கட்டிமணி மேல் பட்டு, பந்து அவர் வலைக்குள்ளேயே போனது. அடுத்த இரண்டு நிமிடத்தில் மென்டோசா அடித்த கோல். சென்னை 3-2. சேறு காயாத வீடுகளில் அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரிப்புச் சத்தம் கேட்டிருக்கும்.

அந்தப் பக்கம் கட்டிமணியை நினைத்துப் பாருங்கள். கோல்கீப்பர் பிழைப்பே அப்படித்தான். 1950-ல் ரியோ நகரில் பிரேசில் 2-1 என்று உருகுவேயிடம் தோற்றபோது கோல்கீப்பர் பார்போசாவை அந்த நாடு 2000-ம் ஆண்டில் அவர் சாகிறவரை மன்னிக்கவே இல்லை. அன்று ரேடியோவில் கேட்டு அழுத அப்பாவுக்கு, "நான் உனக்குக் கோப்பை வாங்கித் தருகிறேன்" என்று ஆறுதல் சொன்ன ஒன்பது வயதுப் பையன், 1958-ல் அதைச் செய்து காட்டினான். அவன்தான் பீலே.

திங்கட்கிழமை காலை

மறுநாள் மார்கழி 4. விடிவதற்கு முன்பே ஒலிபெருக்கியில் பாட்டு. ஈரத் தெருவில் கோலம். ராத்திரி கூச்சல் போட்ட இடத்தில் கிரிவலம் வருகிறவர்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் போகிற குமாஸ்தாக்கள் சிவந்த கண்ணோடு பஸ்சுக்கு நின்றார்கள். தூங்கிவிட்டு வந்த பால்காரர் ஒருவர், "யார் ஜெயிச்சது?" என்று கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திராமல் போனார்.

பந்தயத்தில் தோற்றவர் நேர்மையான மனிதர். காலை ஏழு மணிக்கே வந்து ஆறு டீ வாங்கிக் கொடுத்துவிட்டார். மிச்சம் நாலு டீ. "அது அடுத்த உலக கோப்பைக்கு" என்றாராம். டீ மாஸ்டர் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்கு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.